பைக்குக் காவல்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கிரிஃபித் பூங்காவில் ஒரு குதிரை ராட்டினம் இருந்தது. சனிக்கிழமைகளில் வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். பிள்ளைகள் சுற்றுவார்கள், அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்தே சந்தோஷமாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது அந்த பெஞ்சில்தான் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்கிச் சேர்த்து எழுப்பிய வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது.

ஆனாலும் பெஞ்சுகள் காலியாகவில்லை. எந்த ரைடின் வாசலுக்குப் போனாலும் சற்றுத் தள்ளி ஒரு பெஞ்ச் வரிசை. அதில் நாலைந்து பேர், மடியிலும் காலடியிலும் பைகள். பிரேசில் பாட்டி, ஓஹையோ தாத்தா, தலை சுற்றுகிறது என்று ஒதுங்கிய ஓர் இளைஞன், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு தாய். போன கோடை விடுமுறையில் தங்கையின் குடும்பத்தோடு ஆர்லாண்டோ போனபோது அம்மாவும் நானும் அந்த வரிசையில்தான் இருந்தோம். தண்ணீர் பாட்டில்கள், மழைக்கோட்டுகள், வெயிலுக்குப் பூசும் களிம்பு, அம்மாவின் மாத்திரை டப்பா, எல்லோருக்குமான புளியோதரை. வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவர அங்கே தடை இல்லை.

இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் பெஞ்சில் எழுதியவை.

*

டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பார்க்குக்குள் காரை நிறுத்திவிட்டு நேரே நுழைய முடியாது. முதலில் ஓர் ஏரியைக் கடக்கவேண்டும். படகில் போகலாம், அல்லது ஏரியைச் சுற்றி ஓடும் மோனோ ரயிலில் போகலாம். நாங்கள் படகில் போனோம். கரையை விட்டு விலகும்வரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்: பார்க்கிங் எண் என்ன, போனில் சார்ஜ் இருக்கிறதா, தொப்பி எங்கே. பாதி ஏரி தாண்டியதும் எதிரே சிண்டரெல்லா கோட்டை தெரிந்தது. பேச்சு தானாக அடங்கிவிட்டது. இந்த ஏரியை வைத்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

கோட்டையின் உயரம் 189 அடி. 200 அடியைத் தொட்டால் விமானங்களுக்காக உச்சியில் சிவப்பு விளக்கு வைக்கவேண்டியிருக்கும், அதற்குள் நிறுத்திவிட்டார்கள். மேலே போகப் போகக் கற்களின் அளவைச் சிறிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதனால் கண்ணுக்கு அது இன்னும் உயரமாகத் தெரிகிறது. கோட்டைக்குப் போகும் கடைத்தெருவின் மாடி ஜன்னல்களுக்கும் இதே கணக்குத்தான். தெரியாமல் பார்க்கும்போது அழகாக இருந்தது. தெரிந்த பிறகு, யாரோ ஒருவர் என் கண்ணை இத்தனை பொறுமையாக யோசித்திருக்கிறார் என்று இன்னும் பிடித்துப்போயிற்று.

*

கோட்டைக்கு முன்னால் மிக்கியின் கையைப் பிடித்தபடி வால்ட் டிஸ்னியின் சிலை நிற்கிறது. படமெடுக்க அங்கே எப்போதும் கூட்டம். நுழைவாயிலுக்கு அருகே இன்னொரு சிலை உண்டு. அதில் வயதான ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மின்னி. அவர் வால்ட்டின் அண்ணன் ராய்.

தம்பி 1966 டிசம்பர் 15 அன்று இறந்தபோது ஃப்ளோரிடாவில் வெறும் நிலம்தான் இருந்தது. அண்ணனுக்கு அப்போது வயது 73. ஓய்வுபெற இருந்தவர் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு ஐந்து வருடம் கூடவே நின்று இதைக் கட்டி முடித்தார். பெயரில் டிஸ்னி என்று மட்டும் இருந்தால் போதாது, வால்ட் டிஸ்னி என்று தம்பியின் முழுப்பெயரும் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். திறந்து மூன்று மாதம் முடிவதற்குள், 1971 டிசம்பர் 20 அன்று, அவரும் போய்விட்டார்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்தச் சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன்னா அப்படித்தான்" என்றாள். எங்கள் பெரிய மாமாவை நினைத்துக்கொண்டிருப்பாள்.

*

ரைடில் ஏறுகிறவர்களுக்கு ரைடு தெரியும். வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் தெரியும்.

ஸ்பேஸ் மவுண்டன் முழு இருட்டில் ஓடும் ரோலர் கோஸ்டர். அதன் உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர்தான். நம் ஊர்ப் புறவழிச் சாலையில் பேருந்து இதைவிட வேகமாகப் போகும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாததால் உடம்பு அதை இரண்டு மடங்காக உணர்கிறதாம். வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தால் வேகம் எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை.

முதலில் ஒரு வெறுமை, கண் கூசும் வெளிச்சத்தில் தன் கால் தரையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் வெறுமை. அடுத்து சிரிப்பு. அது தனியாக வருவதில்லை. பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் வருகிறது. ஒரு போலீஸ்காரரின் உடற்கட்டு கொண்ட மனிதர் தன் மகளின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மகளுக்குப் பத்து வயது இருக்கலாம். அவள்தான் அவரைத் தேற்றிக்கொண்டு வந்தாள். வீட்டில், அலுவலகத்தில், தெருவில் அவர் அப்படி ஒரு முகத்தை யாருக்கும் காட்டியிருக்க மாட்டார். இங்கே அதைக் காட்டலாம், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். பெரியவர்கள் பயத்தை வெளியே எடுத்து வைக்க உலகத்தில் எத்தனை இடம் இருக்கிறது?

"எல்லாரும் அழுத மாதிரி வெளிய வந்து சிரிக்காங்க பாரு" என்றாள் அம்மா. மணிக்கணக்காக அதே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தும் அவளுக்கு அலுக்கவே இல்லை.

*

பீட்டர் பேன் ரைடின் கப்பல் மேலே உள்ள தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு இரவு லண்டன் மேல் பறக்கும். மூன்று நிமிடம்கூடக் கிடையாது. அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசை. திருப்பதியில் நாள் முழுக்க நின்று, சந்நிதிக்கு முன்னால் ஒரு நொடியில் நகர்த்தப்பட்டு வந்திருக்கிறோம். நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அந்த ரைடுக்கு மட்டும் அம்மாவும் வரிசையில் வந்தாள், கையில் ஓர் ஊன்றுகோலோடு.

வரிசையைக் கம்பி கட்டி மடித்து மடித்து விட்டிருக்கிறார்கள். அதனால் எதிர்ப்பக்கம் வருகிற அதே முகங்களை மறுபடி மறுபடி கடக்கிறோம். முதல் தடவை பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம், இரண்டாம் தடவை லேசாகத் தலையசைக்கிறோம். நாலாவது மடிப்பில் ஒரு ஸ்பானியப் பெண்மணி அம்மாவின் ஊன்றுகோலைக் காட்டி, பிறகு தன் முழங்காலைக் காட்டி, பெருமூச்சு விட்டாள். அம்மா தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். அடுத்த மடிப்பில் அந்தப் பெண்மணி பையிலிருந்து ஒரு களிம்பை எடுத்துக் காட்டினாள். அதற்கடுத்த மடிப்பில் அம்மா கோடாலித் தைலத்தைக் காட்டினாள்.

வரிசையின் கடைசிப் பகுதி ஒரு வீட்டுக்குள் போகிறது: பீட்டர் பேன் கதையில் வரும் பிள்ளைகள் தூங்கும் அறை. கட்டில்கள், பொம்மைகள், ஜன்னல். 2015-இல்தான் இந்த அறையைச் சேர்த்தார்கள். காத்திருக்கும் நேரத்தையும் கதைக்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சுவரில் விழும் தங்கள் நிழலைக் கொண்டு பிள்ளைகள் விளையாடலாம். தங்கையின் மூத்த மகள் பதினான்கு வயதுக்காரி, அதுவரை போனைவிட்டுத் தலை நிமிராதவள், சுவரில் ஒரு வண்ணத்துப்பூச்சியின் நிழலைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1999-லிருந்து ஃபாஸ்ட் பாஸ் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. குறித்த நேரத்தில் வந்தால் வரிசை இல்லாமல் ஏறலாம். அதற்குத் தனிக் காசு கிடையாது. 2021-இல் அதே வசதியைக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. டிக்கெட் விலையே சாமானியக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பல வருடம் சேமித்து ஒரே ஒரு தடவை வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் ஏராளம். அவர்கள் நிற்க, பக்கத்துப் பாதையில் காசு கட்டியவர்கள் நடந்து போகிறார்கள். நிற்கிற பிள்ளை அதைப் பார்க்கிறது, அப்பாவை நிமிர்ந்து பார்க்கிறது. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு தகப்பனை நிறுத்தியிருக்கவேண்டாம். கல்லின் அளவைக்கூட யோசித்தவர்களுக்கு இதை யோசிக்கத் தெரியாதா?

*

அம்மா கேள்விகள் கேட்பவள்.

"இந்த வேஷம் போட்டவங்கள்லாம் அந்தக் கதவுக்குள்ள போறாங்க, திரும்ப வரவே இல்லையே. எங்கட்டி போறாங்க?"

காலடியில்தான். மேஜிக் கிங்டத்தில் நாம் நடப்பது உண்மையில் மாடியில். தரைத்தளத்தில் சுரங்கப்பாதைகள் ஓடுகின்றன. அனஹைமில் ஒருமுறை கௌபாய் உடையில் ஒருவர் எதிர்கால உலகம் என்ற பகுதியின் நடுவே நடந்து போனதை வால்ட் பார்த்து வருத்தப்பட்டார் என்பார்கள். ஃப்ளோரிடாவில் தோண்டினால் உடனே தண்ணீர் வந்துவிடும். அதனால் பாதைகளைத் தரைமட்டத்திலேயே கட்டி, ஏரி வெட்டி எடுத்த மண்ணைக் கொட்டி மேலே ஊரை அமைத்தார்கள். சாப்பாட்டுப் பொருள், துணிமணி, வேலையாட்கள் எல்லாம் அந்த வழியே போகின்றன.

அம்மா காலை ஒருமுறை தரையில் தட்டிப் பார்த்தாள். "அப்போ கீழ இப்பவும் ஆளுங்க நடந்துகிட்டு இருப்பாங்க" என்றாள். அதற்குப் பிறகு குப்பைத் தொட்டியருகே வெள்ளைச் சட்டையில் பெருக்கிக்கொண்டு போனவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் துடைப்பத்தை மாற்றிப் பிடித்துக் கையசைத்தார். இத்தனை பேருடைய விளையாட்டுக்குப் பின்னால் இத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்பதை அவளுக்கு யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டில் அடுப்படியில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவள்.

*

ஃப்ளோரிடாவில் கோடைக்காலப் பிற்பகல் என்றால் இடிமழை. வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்துக் கொட்டித் தீர்த்துவிடும். மின்னல் கிட்டத்தில் வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள்.

டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பார்க்கான எப்காட்டில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அங்கே நுழைந்ததும் ஒரு பெரிய உருண்டை நிற்கிறது: 180 அடி உயரம், மூன்று ஜோடிக் கால்கள் மேல். மேலெல்லாம் முக்கோண முகங்கள், 11,324 என்று கணக்கு. எல்லோரும் அதன் அடியில் ஓடி ஒதுங்கினோம். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய உருண்டைல பெய்த மழை நம்ம தலைல கொட்டணுமே. எங்க போகுது?"

உருண்டையின் மேற்பரப்புக்குள்ளேயே வடிகால் இருக்கிறது. விழுகிற மழையை அது வாங்கி, பின்னால் இருக்கும் ஏரிக்கு அனுப்பிவிடுகிறது. அந்த ஏரியைச் சுற்றித்தான் பதினொரு நாடுகளின் மண்டபங்கள். அதில் இந்தியா இல்லை. தங்கையின் மகன், எங்கள் சின்னவன், அதற்காக ரொம்பக் கோபப்பட்டான்.

எப்காட் முதலில் ஊராகத்தான் நினைக்கப்பட்டது. இருபதாயிரம் பேர் குடியிருக்க, வண்டிகள் பூமிக்கடியில் ஓட, மனிதர்கள் மேலே நடக்க என்று ஒரு நகரம். இறப்பதற்கு ஏழு வாரம் முன்பு, 1966 அக்டோபரில், வால்ட் ஒரு படத்தில் அதை விளக்கினார். அந்த நகரம் வரவில்லை. 1982 அக்டோபர் 1 அன்று தீம் பார்க்காகத் திறந்தார்கள். பிளாஸ்டிக் மழைக்கோட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் உருண்டைக்கு அடியில் நெருங்கி நின்று, ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் இடம் விட்டு, யாரோ கொடுத்த துண்டால் யாரோ தலை துவட்டிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம், அங்கே ஓர் ஊர் இருந்தது.

*

அனிமல் கிங்டம் பார்க்கில் ஆனந்தபூர் என்று ஒரு கற்பனை ராஜ்ஜியம். பாழடைந்த அரண்மனை, அதற்குள் நிஜப் புலிகள், பழந்தின்னி வௌவால்கள். காரை பெயர்ந்த சுவர், கையால் எழுதிய விளம்பரப் பலகை, தாறுமாறாகப் போகும் மின்கம்பி. இந்தப் பூங்காவை வடிவமைத்த குழுவின் தலைவர் ஜோ ரோடி. அவரும் குழுவினரும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சுற்றிப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். புதுச் சுவருக்கு ஐம்பது வருட வெயிலும் மழையும் பட்ட நிறத்தைக் கொண்டுவரத் தனி ஓவியர்கள் வேலை செய்திருக்கிறார்கள். நாம் பொங்கலுக்கு வெள்ளையடித்து மறைக்கிற கறையை அவர்கள் தூரிகையால் வரைந்திருந்தார்கள். தள்ளி நின்று அதை ரொம்ப நேரம் பார்த்தேன். எங்கள் தெருச் சுவர்களை இத்தனை கவனமாக நான் பார்த்ததில்லை.

அங்கேயே ஆற்றில் மிதவையில் போகும் ரைடு. பெயர் காளி நதி. தெப்பமாக நனைந்து வெளியே வந்த பிள்ளைகளைப் பார்த்து அம்மா, "அவ பேரைச் சொல்லிட்டு நனையாம வர முடியுமா?" என்று துண்டை நீட்டினாள்.

அடுத்தது எவரெஸ்ட் மலை. 2006-இல் திறந்த ரோலர் கோஸ்டர். ரயில் மலை ஏறுகிறது. உச்சியில் தண்டவாளம் பிய்த்தெறியப்பட்டுக் கிடக்கிறது. வண்டி நின்று, பின்னோக்கி இருட்டுக்குள் இறங்குகிறது. ஏறுவதற்கு 44 அங்குல உயரம் வேண்டும். வாசலில் அளவுகோல். சின்னவன் விறைத்து நின்றான். அளந்த பெண் குனிந்து, அவன் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்து, இன்னும் கொஞ்சம்தான், அடுத்த வருடம் உனக்காகக் காத்திருப்பேன் என்றாள். அவன் அழவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தான்.

"வாலே, நம்ம செட்டுல சேர்ந்துக்கோ" என்று அம்மா இடம் விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து கம்பி வேலியருகே போய்விட்டான். மேலே ரயில் நிற்பதையும் பின்னால் போவதையும் பார்க்க நல்ல இடம் அது. ஒவ்வொரு ரயிலாகக் கவனித்து, எந்த நொடியில் கத்துவார்கள் என்று கண்டுபிடித்துவிட்டான். அதன்பிறகு பக்கத்தில் வந்து நின்ற எல்லோருக்கும் அவனே வழிகாட்டி. "இப்போ கத்த மாட்டாங்க, இப்போ கத்த மாட்டாங்க, இப்போ!" முன்பின் தெரியாத பெரியவர்கள் அவன் சொல்லுக்காகக் காத்து நின்றார்கள். அக்கா இறங்கி வந்து எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தபோது, "எனக்குத் தெரியும்" என்று அவன்தான் அவளுக்கு விளக்கினான்.

*

மேஜிக் கிங்டத்தின் குதிரை ராட்டினம் 1917-இல் மரத்தில் செதுக்கியது. டெட்ராய்ட்டில் ஓடி, பிறகு நியூ ஜெர்சியில் ஒரு பூங்காவில் பல ஆண்டு ஓடி, 1967-இல் டிஸ்னி நிறுவனம் வாங்கிப் புதுப்பித்தது. குதிரைகளுக்கு நடுவே உட்காரும் வண்டி ஒன்று உண்டு. அம்மா அதில் ஏறிக்கொண்டாள். நான் பக்கத்துக் குதிரையில். தங்கை, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள் எல்லோரும் முன்னும் பின்னும். பெஞ்சில் எங்கள் ஆள் யாரும் இல்லை. பைகள் அம்மாவின் காலடியில் கூடவே சுற்றின.

*

கடைசியில் ஒரு நாள் யுனிவர்சலுக்குப் போனோம். அங்கே இரண்டு பார்க்குகளுக்கு நடுவே ஹாரி பாட்டர் கதையின் ரயில் ஓடுகிறது, 2014-லிருந்து. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ஏறவேண்டும். கதைப்படி ஒன்பதே முக்கால் நடைமேடைக்குச் செங்கல் சுவரை ஊடுருவித்தான் போகவேண்டும். அதையும் செய்திருக்கிறார்கள்: முன்னால் போகிறவர் சுவருக்குள் நுழைந்து மறைந்துவிடுகிறார்.

இது பழைய வித்தை. சாய்த்து வைத்த கண்ணாடியில் விழும் பிம்பம். ஹென்றி டர்க்ஸ் யோசித்ததை ஜான் பெப்பர் 1862-இல் லண்டன் மேடையில் ஆவியாகக் காட்டினார். டிஸ்னியின் பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவதும் இதே வழியில்தான். ஆனால் இங்கே ஒரு விசேஷம்: சுவருக்குள் போகிறவருக்கு எதுவும் தெரியாது. அவர் சாதாரண இருட்டுப் பாதையில் நாலு எட்டு நடந்து வெளியே வருகிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள்தான் அவர் மறைவதைப் பார்க்கிறார்கள்.

தங்கையின் வீட்டுக்காரர் இதைச் சொன்னதும் அம்மா நகர மறுத்துவிட்டாள். எங்களை ஒவ்வொருவராக முன்னால் அனுப்பினாள். பின்னால் நின்றவர்களிடம் தமிழிலேயே, "கொஞ்சம் பொறுங்க, எம் பிள்ளைங்க போகட்டும்" என்றாள். அவர்களும் பொறுத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்து நடைமேடையில் நின்ற பிறகு, கடைசியாக ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

ஒரு பெட்டியில் எட்டுப் பேர் உட்காரலாம். ஜன்னலில் லண்டன் ஓடத் தொடங்கியது. சின்னவன் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"நான் மறைஞ்சதை நான் பார்க்கவே இல்லையே ஆச்சி!"

"நான் பார்த்தேம்லா. சொல்லுதேன் கேளு. மொதல்ல ஒன் வலது காலு சுவத்துக்குள்ள போச்சு."

"ஷூவோடயா?"

"ஷூவோடதான். அப்புறம் பை. பை கொஞ்ச நேரம் வெளிய தொங்கிச்சு."

"தலை?"

"தலை கடேசில. போறதுக்கு முன்னால ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்தே."

"நான் பார்க்கல."

"பார்த்தேலே. எனக்குத் தெரியாதா?"

எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத இருவரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவள் அவர்களுக்காக ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள், வலது காலிலிருந்து.